பல் மருத்துவக் கருவிகளும் கல்வராயன் மலைவாணரும்

உடலுறுப்புக்களுள் கண்ணின் அருமையை எல்லாரும் அறிவர். கை கால்களின் அருமையையும் அறிவர். பல்லின் அருமையை மட்டும் அது போன பின்னரே பெரும்பாலார் அறிகின்றனர். உண்ணும் உணவை அரைத்துக் கொடுப்பது பல். தகர நகர ஒலிகள் திருத்தமுறப் பிறத்தற்குத் துணையாவது பல். முகத்திற்குப் பொலிவு தருவதும் பல்லே. இத்துணைத் தொழில் புரியும் உறுப்பு நோயுற்றக்கால் அந்நோயைப் போக்குதற்கு மனிதன் படைத்த கருவிகளின் வரலாறு மிகவும் சுவையுடையது. ஆயினும், அவ்வரலாற்றைக் கூறி மகிழ்வது மட்டும் நம் நோக்கமன்று. அக்கருவிகளுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு விடை காண்பதும், அவ்விடையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைமேல் வைத்து உரைத்துப் பார்ப்பதுமே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

புதியது, விரைவானது, விலையுயர்ந்தது என்னும் மூன்றும் ஒரு கருவியிற் சேருமாயின் அதுவே தலைசிறந்தது என்று கருதுவது வழக்கமாகிவிட்டது. பல் மருத்துவமனைக்குச் செல்வோர் சாய்நாற்காலியையும், ஒளிவிளக்கையும், இரைந்து சுழலும் துரப்பணத்தையும் கண்டு, மருத்துவத்தின் மேன்மை முழுவதும் அவற்றிலேயே அடங்கியுள்ளதென எண்ணுகின்றனர். நாம் அவற்றை இகழ வந்தோமல்லோம். ஆனால், கருவியின் பெருமை அது சுழலும் விரைவில் இல்லை. அது எத்துணைப் பேர் வாயை எட்டுகின்றது என்பதிலேயே உளது என்பது நம் துணிபு. அதனை நிலைநாட்டுதற்கு முதற்கண் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பல்லைத் துளையிடும் தொழில் நேற்றுத் தோன்றியதன்று. பலூச்சித்தானத்து மெகர்கர் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பண்டை இடுகாட்டில், 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் செயற்கையாகத் துளையிட்ட அடையாளங்கள் காணப்பட்டன. இச்செய்தி 2006ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. அப்பற்களின் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகட்கு முற்பட்டது. மணிகளுக்குத் துளையிட்ட கைவினைஞர் கொண்டிருந்த கல்முனை பொருத்திய வில் துரப்பணமே இதற்கும் உதவியிருத்தல் வேண்டுமென ஆராய்ந்தோர் கருதினர். துளையிடப்பட்ட பின்னரும் அம்மக்கள் வாழ்ந்து அப்பற்களால் மென்று வந்தனர் என்பதனைத் துளைகளின் விளிம்பு தேய்ந்திருத்தல் காட்டுகின்றது. மின்சாரம் இல்லாத இடத்தில் பல் மருத்துவமே நடவாது என்போர் இதனை உளங்கொளல் நலம்.

நம் நாட்டுச் சுசுருதர் வகுத்த அறுவைக் கருவிகளுள் 'தந்தசங்கு' என்பது பல்லுக்கென்றே அமைந்தது. ஆயினும், பல் சொத்தையாவதன் காரணம் நெடுங்காலம் எந்நாட்டாருக்கும் விளங்கவில்லை. பல்லினுள் புழு புகுந்து குடைகின்றது என்னும் நம்பிக்கை பாபிலோனியா முதல் நம் சிற்றூர்கள் வரை பரவியிருந்தது. கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு அப்புகையை வாயில் ஏற்றிப் 'பூச்சி' இறக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் முற்றும் மறைந்திலது. 1728ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவத்தைத் தனியொரு கலையாக வகுத்து நூலியற்றிப் புழுக்கொள்கையை மறுத்தார். 1890ஆம் ஆண்டில் வில்லபி மில்லர் என்பவர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சருக்கரையையும் புளிக்கச் செய்து அமிலமாக்க, அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்று விளக்கினார். காரணம் தெளிந்தமையால் மருத்துவம் திசை பெற்றது.

இனித் துரப்பணத்தின் வளர்ச்சியைக் காண்போம். அமெரிக்கத் தலைவர் வாசிங்டனுக்குப் பல் மருத்துவராயிருந்த ஜான் கிரீன்வுட்டு, 1790ஆம் ஆண்டளவில் நூல் நூற்கும் இராட்டையை மாற்றியமைத்துக் காலால் மிதித்து இயக்கும் துரப்பணம் ஒன்றைச் செய்துகொண்டார். 1864இல் இங்கிலாந்தின் ஹாரிங்டன் என்பார் கடிகாரத்தைப் போலச் சாவி கொடுத்தால் சுழலும் துரப்பணத்தை வெளியிட்டார். 1871இல் ஜேம்ஸ் மாரிசன் என்பார் தையற்பொறியை ஒத்த மிதிதுரப்பணத்திற்கு உரிமை பெற்றார்; அஃது உலகெங்கும் பரவிற்று. 1875இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத் துரப்பணத்திற்கு உரிமை பெற்றார். 1949இல் நியூசீலாந்தின் ஜான் வால்ஷ் காற்றின் விசையாற் சுழலும் கருவியைப் படைத்தார். 1957இல் ஜான் போர்டன் வெளியிட்ட காற்றுத் துரப்பணம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 3,00,000 முறை சுழன்றது. இன்று நகரத்து மருத்துவமனைகளில் நாம் கேட்கும் அந்தக் கூர்ந்த ஓசை அதன் வழித்தோன்றலுக்குரியது.

நோவைப் போக்கும் முயற்சியும் இதனோடு உடன் வளர்ந்தது. நோயாளி அறியாமல் அறுவை செய்யலாம் என்பதனை உலகிற்குக் காட்டியோர் பல் மருத்துவர்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1844ஆம் ஆண்டு டிசம்பரில் ஹோரஸ் வெல்ஸ் என்பவர் சிரிப்பூட்டும் வாயுவை உட்கொண்டு தம் பல்லையே பிடுங்குவித்துக் கொண்டார். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வில்லியம் மார்ட்டன் பாஸ்டன் நகர் மருத்துவமனையில் ஈதரைப் பலர் முன்னிலையில் கையாண்டார். இன்று ஊசிவழி ஈற்றை மரக்கச் செய்யும் லிடோகெயின் என்னும் மருந்து 1943இல் சுவீடன் நாட்டு லோஃப்கிரென் என்பவரால் ஆக்கப்பெற்றது. ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ்-கதிரைக் கண்ட சில வாரங்களுக்குள், ஆட்டோ வால்காஃப் தம் பற்களையே அக்கதிராற் படம் பிடித்தார். அதற்கு 25 நிமிடம் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. அக்கதிரின் தீமை அறியாது உழைத்த எட்மண்டு கெல்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் விரல்களையும், பின்னர்க் கையையும் இழந்தார். நாம் இன்று நோவின்றிப் பல்லைக் காட்டி வருகின்றோமெனில், அது பிறர் பட்ட நோவின் பயனாகும்.

இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆனால், இக்கருவிகள் ஒவ்வொன்றும் தன்னோடு வேறு சிலவற்றையும் வேண்டி நிற்றலைக் கவனிக்க வேண்டும். காற்றுத் துரப்பணத்திற்குக் காற்றையழுத்தும் பொறி வேண்டும்; அப்பொறிக்கு இடையறாத மின்சாரம் வேண்டும்; பல் சூடேறாதிருக்கத் தூய நீர்த் தாரை வேண்டும்; பழுதுற்றால் சீர்செய்ய வல்ல தொழிலாளி வேண்டும்; இவற்றிற்கெல்லாம் பணம் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் கருவி வெறும் இரும்பாகிவிடும். ஆதலின், ஒரு கண்டுபிடிப்பை மதிப்பிடும்போது அது செய்வதை மட்டும் நோக்கினால் போதாது. அது கேட்பதையும் நோக்க வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு கல்வராயன் மலையை நோக்குவோம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகிய இது, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இருகூறாக வழங்குவது. கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்கள் இம்மலையைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலியன கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்கள். இங்கு வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் கேரள நாட்டாரல்லர், தமிழ் பேசுவோர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியன அவர்கள் பயிரிடுவன. நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கீழ்ப்பட்டிருந்த இம்மலை, 1976ஆம் ஆண்டிலேதான் அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. இவை நற்பேறுகளே. எனினும், 2024ஆம் ஆண்டிலும் இம்மலைமக்களுக்குச் சாலை முதலிய அடிப்படை வசதிகள் வேண்டுமென்பது பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது என்பதனையும் நினைத்தல் வேண்டும்.

மலையடிவாரத்தில் மற்றொரு காட்சி. கள்ளக்குறிச்சிச் சமவெளி கரும்பு விளையும் நிலம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சருக்கரை ஆலைகள் உள்ளன. கச்சிராயபாளையமோ வெள்ளிமலைக்கு ஏறும் வழியின் அடியில் உள்ளது. கரும்பு உழவருக்கு வாழ்வளிப்பது. அதனை நாம் குறை கூறோம். ஆனால், சருக்கரை மலையேறுதற்கு இருக்கும் எளிமை மருத்துவம் மலையேறுதற்கு இல்லை என்பதே நாம் காட்ட விழைவது. சாலை போட்ட மறுநாளே மிட்டாயும், இனிப்பு ரொட்டியும், புட்டியிலடைத்த இனிப்பு நீரும் மலைக்கடைகளிற் போய் அமர்ந்துகொள்ளும். அவற்றிற்கு எவரும் திட்டம் தீட்ட வேண்டுவதில்லை. அரசாணை பிறப்பிக்க வேண்டுவதில்லை. நோயைத் தருவது தானே நடந்து வருகின்றது. நோயைத் தீர்ப்பது மட்டும் அழைத்தாலும் வருவதில்லை.

அந்நிலையில் சொத்தைப்பல் உடைய மலைச்சிறுவன் செய்வது யாது? முதலில் நோவு பொறுத்தற்குரியதாயிருக்கும். கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வான். பின்னர் இரவிலே உறங்கவொட்டாது வருத்தும். தாயோ தந்தையோ ஒருநாட் கூலியைக் கைவிட்டுப் பேருந்துக்குப் பணம் தேடி அவனைக் கீழே அழைத்து வருவதற்குள், அடைத்துக் காக்கத்தக்க பல் பிடுங்கத்தக்க பல்லாய் மாறிவிடும். குறடு ஒன்றே அதன்பின் எஞ்சும் கருவி. பிடுங்கிய பல் மீண்டும் முளையாது. பொய்ப்பல் கட்டப் பணமிராது. ஒருபுறம் மெல்ல இயலாதவன் மறுபுறமே மென்று அதனையும் கெடுத்துக்கொள்வான். நோவுடைய வாயோடு பள்ளியில் அமர்ந்திருப்பவனுக்குப் பாடம் எங்ஙனம் புகும்? உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோயால் வருந்துவதாகக் கூறுகின்றது. இது மலைக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. ஆனால், மலையிலே அதற்கு மாற்று மிகவும் தொலைவில் உள்ளது.

இங்குத்தான் நாம் போற்ற விழையும் கண்டுபிடிப்பு வருகின்றது. 1980களின் நடுவில், ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் பணியாற்றிய ஜோ ஃபிரென்கன் என்னும் டச்சுப் பல் மருத்துவர், மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத ஊர்களில் பல்லைப் பிடுங்காமற் காப்பது எங்ஙனம் என ஆராய்ந்தார். துரப்பணத்தையே விட்டுவிட்டுக் கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லோடு தானே ஒட்டும் பொருளால் அக்குழியை அடைக்கலாம் என்று கண்டார். 1991ஆம் ஆண்டு முதல் தாய்லாந்திலும், பின்னர்ச் சிம்பாப்வேயிலும் ஊர்மக்களிடையே அம்முறை சோதிக்கப்பெற்றது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், வாய்நலத்தையே பொருளாகக் கொண்ட உலகச் சுகாதார நாளன்று, உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஏற்று உலகிற்கு அறிவித்தது. ஊறு விளையாது பல்லைச் சீர்செய்யும் முறை என்று அதனை நாம் தமிழிற் கூறலாம்.

அதன் செய்கை எளிது. நோயாளியை ஒரு பலகைமேற் படுக்க வைத்து, மருத்துவர் தலைமாட்டில் அமர்கின்றார். சிறிய கோடரி போன்ற முனையுடைய உளியால் குழியின் வாயை அகலப்படுத்துகின்றார். கரண்டி போன்ற முனையுடைய சிறுகருவியால் மென்மையாய் அழுகிய பகுதியை வழித்தெடுக்கின்றார். உறுதியாயுள்ள உட்பகுதியைத் தொடுவதில்லை. பல்லின் உயிர்நரம்பு தீண்டப்படாமையால் பெரும்பாலும் மரப்பூசியும் வேண்டுவதில்லை. பின்னர்க் குழியைத் துடைத்து, பொடியையும் நீர்மத்தையும் பலகையிற் குழைத்து உள்ளே அடைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்துகின்றார். அவ்வழுத்தத்தில் அருகிலுள்ள பள்ளங்களும் மூடப்பெற்றுப் புதுச்சொத்தை தடைப்படுகின்றது. ஒரு மணிநேரம் ஒன்றும் உண்ணாதிருந்தாற் போதும். கருவிகளையெல்லாம் சிறு பையொன்றில் அடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறலாம். அவற்றைத் தூய்மை செய்தற்கு ஷாம்பர்லாந்து 1879இல் கண்ட ஆவியழுத்தக் கலத்தின் எளிய வடிவமாகிய குக்கரே உதவும். அடுப்பின்மேல் வைத்து உரிய அழுத்தத்தில் 15 நிமிடம் ஆவியிற் காய்ச்சினால் நோய்நுண்ணுயிர் மடியும்.

கைக்கருவிகள் பழமையானவை, அவற்றிற்குப் புத்துயிர் கொடுத்தது அந்த அடைப்புப் பொருளே. 1969ஆம் ஆண்டளவில் இலண்டன் அரசு இரசாயன ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் கண்ட கண்ணாடி அயனோமர் சிமெண்டு அது. ஒருவகைக் கண்ணாடிப் பொடியும் ஓர் அமில நீர்மமும் சேர்ந்து இறுகுவது அதன் இயல்பு. பழைய பாதரசக் கலவை பல்லில் நிலைத்தற்குக் குழியை உள்ளே அகன்றும் வாயிற் குறுகியும் இருக்குமாறு வெட்ட வேண்டும்; அதனால் நல்ல பல்லும் வீணாகும். இச்சிமெண்டோ பல்லின் சுண்ணச்சத்தோடு இரசாயன முறையிற் பிணைந்துகொள்கின்றது. ஆதலின் நல்ல பகுதியை வெட்ட வேண்டுவதில்லை. அன்றியும், அஃது ஃபுளோரைடைச் சிறிது சிறிதாகக் கசிய விட்டுப் பல்லை உறுதிப்படுத்துகின்றது. பாதரசத்தைக் குறைக்க வேண்டுமென்று 2013ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கையில் உலக நாடுகள் இசைந்த பின்னர் இதன் மதிப்பு பின்னும் உயர்ந்தது.

இதனோடு ஒருங்கு எண்ணத்தக்கது வெள்ளி டையமீன் ஃபுளோரைடு என்னும் மருந்து. 1960களின் பிற்பகுதியில் சப்பானில் பல் மருத்துவத்திற்கென ஆக்கப்பெற்ற இதனைச் சிறு தூரிகையாற் சொத்தையிற் பூசினால், பெரும்பான்மையான சொத்தைகள் மேலும் பரவாது நின்றுவிடும். குழந்தை அழுவதற்குள் வேலை முடிந்துவிடும். பூசிய இடம் கறுத்துவிடுதல் இதன் குறை. விழுந்து முளைக்கும் பாற்பல்லில் அது பொறுக்கத்தக்கதே. எனினும், பூசும் முன் தாயிடம் அதனைச் சொல்லி இசைவு பெறுதல் கடமை. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இவ்விரண்டையும் ஃபுளோரைடுப் பற்பசையையும் சேர்த்தது.

இவ்விடத்தில் சிலர் ஒரு தடை கூறுவர்: "நகரத்தார்க்கு மின்துரப்பணமும் மலையார்க்குக் கைக்கரண்டியுமா? ஏழைக்கு ஏழை மருத்துவம் என்று வகுப்பது அநீதியன்றோ?" என்பர். இஃது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. ஏழைகட்கென ஒதுக்கப்படுவன பல காலும் தாழ்ந்தனவாகவே இருந்துள்ளமையால், இவ்வையம் நியாயமானதே. ஆனால், இம்முறை ஏழைகளுக்கு மட்டும் உரியதன்று. நல்ல பல்லை இயன்றவரை வெட்டாது காத்தல் இக்காலப் பல் மருத்துவத்தின் பொதுக்கொள்கையாகவே ஆகிவிட்டது. துரப்பணத்தின் ஒலி கேட்டு அஞ்சும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் செல்வ நாடுகளிலும் இது செய்யப்படுகின்றது. கோவிட் நோய் பரவிய 2020ஆம் ஆண்டில், சுழலும் கருவியின் நீர்த்திவலை வழியே தொற்று பரவுமென்று அஞ்சி, உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாட்டாரையும் கைக்கருவிகளின் பக்கம் திரும்புமாறு கூறிற்று. உலகம் முழுவதும் தன் இடுக்கண் காலத்தில் நாடிய கருவியை இரண்டாந்தரமென்று கூறுதல் பொருந்துமா? உண்மையில் அநீதியாவது கைக்கருவியைக் கொடுப்பதன்று. மின்துரப்பணம் வரும்வரை ஒன்றும் கொடாது வாளாவிருத்தலே அநீதி.

எனினும், இம்முறையின் எல்லையை மறைத்தல் தகாது. பல்லின் ஒருபுறத்து மட்டும் உள்ள குழியில் இவ்வடைப்பு நன்கு நிலைக்கும். இரண்டு பல்லிடைப் பரவிய குழியில், அதிலும் பாற்பல்லில், அத்துணை உறுதியாக நில்லாது. நரம்பு வரை சென்ற சொத்தைக்கும், சீழ்க்கட்டிக்கும் இதனாற் பயனில்லை. அவற்றிற்கு வேர்ச் சிகிச்சையோ பிடுங்குதலோ வேண்டும். வெற்றிலை புகையிலை மெல்லுவோர்க்கு வாயிற் புண் ஆறாதிருக்குமாயின், அது புற்றாகலாம். அதனை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே, நாம் வேண்டுவது படிக்கட்டு. முதற்படி மலைப்பள்ளியிற் கைக்கருவி. இரண்டாம்படி மலையிலுள்ள சுகாதார நிலையம். மூன்றாம்படி கள்ளக்குறிச்சி மருத்துவமனை. அதற்கு மேலும் வேண்டுமாயின், 1980இல் இராசா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்னும் பெயரிற் சிதம்பரத்தில் தோன்றிய கல்லூரி போன்ற இடங்கள். இன்று மேற்படிகள் உள்ளன. மலைமகன் கால்வைத்து ஏறும் முதற்படி வலுவாக வேண்டும்.

யார் செய்வது என்பது அடுத்த வினா. நம் நாட்டில் இக்கலை வேரூன்றிய வரலாறு நெடியதன்று. 1920ஆம் ஆண்டில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் முதற் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. 1953இல் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்விக்கு வித்திடப்பட்டது. 2023இல் பழைய சட்டத்திற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிற்று. பயிலாதவர் பல்லைத் தொடலாகாது என்னும் சட்டத்தின் கருத்து முற்றும் சரியானது. சாலையோரத்துக் குறடுகளால் விளைந்த கேடு சிறிதன்று. ஆனால், நியூசீலாந்து 1921ஆம் ஆண்டிலேயே பள்ளிப்பிள்ளைகளின் பற்களைக் காத்தற்கெனப் பெண்டிருக்குத் தனிப்பயிற்சி அளிக்கத் தொடங்கியது என்பதனையும் நம் ஆட்சியாளர் நோக்க வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில், மலையிற் பிறந்து மலைமொழி அறிந்த இளைஞரும் நங்கையரும் இத்தொழிலிற் பயிற்றப்படுவராயின், மலையை விட்டு இறங்கும் நாளை எண்ணிக் கொண்டிராத மருத்துவப் பணியாளர் மலைக்குக் கிடைப்பர்.

ஃபுளோரைடு பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அளவிற் சிறிதாயின் பல்லைக் காப்பதும், மிகின் பல்லையும் எலும்பையும் கெடுப்பதும் அதன் இயல்பு. அண்டை மாவட்டங்களாகிய சேலம், தருமபுரி ஆகியவற்றின் பல பகுதிகளில் நிலத்தடிநீரில் அது மிகுந்திருத்தல் நெடுநாளாக அறிந்ததே. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அத்துன்பத்தைப் போக்கவே எழுந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை கொள்ளத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை பொறுக்கத்தக்கது என்றும் இந்தியத் தரநிலை கூறுகின்றது. ஆகவே, மலையூர்களின் கிணற்றுநீரையும் ஆழ்துளைக்கிணற்று நீரையும் ஒவ்வொன்றாக அளந்தறிதல் மருத்துவத்தோடு கூடவே நடைபெற வேண்டும். மருந்தும் அளவறிந்தே மருந்தாகும்.

இனி, நாம் வேண்டுவன இவை. மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் நாள்தோறும் இருமுறை பிள்ளைகள் அனைவரும் பல் துலக்கும் வழக்கம் உணவைப் போலவே ஒழுங்காக நடைபெற வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியப் பாலர் நலத்திட்டத்தின் கீழ்ப் பள்ளிப்பிள்ளைகளின் பல்லும் பார்க்கப்பட வேண்டுமென்பது விதி. பார்த்தலோடு நில்லாது, பார்த்த அன்றே அங்கேயே அடைத்தலும் நடைபெற வேண்டும். "கீழே சென்று காட்டுக" என்று ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தல் மலைமகனுக்கு மருத்துவமாகாது. மலையின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் கைக்கருவித் தொகுதியும், அடைப்புச் சிமெண்டும் குறைவின்றி இருக்க வேண்டும். மருத்துவர் வரும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டு மாறாதிருக்க வேண்டும்; ஒருமுறை நாள் தவறினால் மலைமக்கள் நம்பிக்கை மறுமுறை மலையேறாது.

பள்ளிக்கு அருகிலுள்ள கடைகளில் இனிப்புப் பண்டம் விற்பதைக் குறைத்தலும் இதனோடு சேர்ந்ததே. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற நம் முன்னோர் மொழியை இகழ வேண்டா. நாள்தோறும் பல்லைத் துலக்க வேண்டும் என்பதே அதன் உயிர். கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிற் கிடைக்கும் கடுக்காயைப் பற்பொடியிற் சேர்த்த வழக்கமும் அவ்வாறே. ஆனால், குழி விழுந்த பல்லைக் குச்சி அடையாது, பொடியும் அடையாது. பழமைக்கு உரிய இடத்தைப் பழமைக்கும், புதுமைக்கு உரிய இடத்தைப் புதுமைக்கும் கொடுத்தலே அறிவுடைமை.

தமிழ்ப் பகுதியில் எழுதுகின்ற நாம் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறாதிருத்தல் கூடாது. நோயாளி பெயரறியாத கருவியைக் கண்டு இருமடங்கு அஞ்சுகின்றான். துரப்பணம், குறடு, உளி, கரண்டி என்னும் சொற்கள் நம் தச்சனும் கொல்லனும் தாயும் நாள்தோறும் வழங்குவன. இவற்றைக் கொண்டு, "இக்கரண்டியால் அழுகியதை வழித்தெடுத்துச் சுண்ணம் போன்ற இதனால் அடைக்கப் போகின்றேன்" என்று மருத்துவர் ஒரு சிறுவனுக்குச் சொல்வாராயின், அச்சொல்லே பாதி மரப்பு மருந்தாகும். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் நோயாளியின் மொழியிலேயே தம் தொழிலை விளக்கப் பழகுதல் வேண்டும்.

இக்கல்லூரியிற் பயின்று மருத்துவராயும், பொறிவல்லாராயும், ஆட்சிப் பணியாளராயும் விளங்கும் பழைய மாணவர் பலர் உளர். பௌதிகமும் இரசாயனமும் பயிலும் இற்றை மாணவரும் உளர். எல்லாரும் காற்றுத் துரப்பணத்தினும் விரைவான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. பள்ளிப் பெஞ்சினை நோயாளி படுக்குமாறு சாய்க்கும் ஒரு சிறு தாங்கி, சூரிய ஒளியால் மின்னேற்றிக் கொள்ளும் ஒரு தலைவிளக்கு, மலையின் ஈரக்காற்றிற் சிமெண்டுப் பொடி கெடாது காக்கும் ஒரு சிமிழ் ஆகிய இவையும் கண்டுபிடிப்புக்களே. கிரீன்வுட்டு இராட்டையைக் கண்டு துரப்பணம் செய்தார். ஃபிரென்கன் துரப்பணத்தையே நீக்கி மருத்துவம் செய்தார். இருவரும் தம்முன் இருந்த மக்களின் தேவையிலிருந்தே தொடங்கினர். கருவியிலிருந்து தொடங்குவோர் கடைக்குச் செல்வர்; மக்களிடமிருந்து தொடங்குவோரே புதியன படைப்பர்.

பல் மருத்துவம் பொன்னும் பீங்கானும் பதித்துச் செல்வர் புன்னகையை அழகு செய்வதில் வெகுதூரம் சென்றுவிட்டது. அஃது இன்னும் செல்லுக. நமக்கு அழுக்காறு இல்லை. ஆனால், வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் ஒரு குழந்தை இன்றிரவு பல்வலியால் உறங்காதிருக்குமாயின், அதனைத் தீர்க்கும் வழி உலகில் இல்லாமையால் அன்று. இருந்தும் நாம் அதனைக் கொண்டு செல்லாமையாலேயே ஆம். தோட்பையில் அடங்கும் அக்கருவிகள் மலையேறுக. அவற்றை ஏந்திச் செல்லும் கைகளுள் நம் கல்லூரி மாணவர் கைகளும் இருக்குக.